ஷார்ஜாவுக்கு எத்தனை மர்ஹலா?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், கைப்பேசி வைத்திருக்கும் சிறுவன்கூட இன்று இமைப்பொழுதில் விடை கூறிவிடுவான். சென்னையிலிருந்து ஷார்ஜா ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். பயண நேரம் நான்கு மணியைச் சற்றே தாண்டும். விடையில் பிழை ஏதுமில்லை. ஆயினும், எங்கள் கலசப்பாக்கத்தில் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு வேண்டியது இந்த விடையன்று என்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன்.

செய்யாற்றங்கரையில், பருவதமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அமைந்த ஊர் இது. ஆரணிப் பட்டின் பெயரால் பிழைக்கும் வட்டாரம். தந்தை அமர்ந்த தறியில் மகனும் அமர்வான் என்றிருந்த காலம் மாறிவிட்டது. இன்று தந்தை தறியில் இருக்கிறார். மகன் அமீரகத்தில் ஏதேனும் ஒரு கடையிலோ கட்டட வேலையிலோ இருக்கிறான். பகலில் தமிழும் மாலையில் மத்ரஸாவில் அரபும் கற்பித்து வரும் என்னிடம், கிதாபும் கணக்கும் ஒருங்கே தெரிந்தவர் என்னும் நல்லெண்ணத்தில் பலர் வருவதுண்டு. அவர்களுள் தாய்மார்களே மிகுதி. "ஷார்ஜா எவ்வளவு தூரம் ஹஜ்ரத்?" என்பார்கள். கிலோமீட்டரைச் சொன்னால் முகம் வாடும். நான்கு மணி நேரம் என்றால் மலரும். இரண்டும் ஒரே வழியின் அளவுகள்தாம்; ஒன்று அச்சுறுத்துகிறது, மற்றொன்று ஆறுதல் தருகிறது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி இதே கேள்வியைக் கேட்கிறாள். புகாரைவிட்டுப் புறப்பட்டுச் சிறிது தொலைவே நடந்திருக்கிறார்கள். அதற்குள் இடை நொந்து, மதுரை எது என்கிறாள். முப்பது காதம் என்று கணக்கைச் சொல்லும் கோவலன், அண்மையில்தான் உள்ளது என்றும் உடன் சேர்த்துக்கொள்கிறான். முப்பது காதம் அண்மையாகாது என்பதை அவன் அறியாதவனல்லன். தூரத்தைக் கேட்பவரின் முகத்தைப் பார்த்து விடை சொல்லும் வழக்கம் நம் நாட்டில் பழையது.

நம் மொழியில் தூரமும் நேரமும் நெடுங்காலம் ஒன்றாகவே வாழ்ந்திருக்கின்றன. நாழிகை என்பது 24 நிமிடம். 'நாழிகை வழி' என்பது அந்த நேரத்தில் நடந்து கடக்கும் தூரம். 'கூப்பிடு தூரம்' என்றொரு அளவும் உண்டு. குரல் எட்டும் இடம் வரை. அரபு மொழியில் தூரத்தைக் குறிக்கும் 'மஸாஃபா' என்ற சொல்லுக்கு அகராதி ஆசிரியர்கள் காட்டும் மூலம் இதனினும் சுவையானது. 'ஸவ்ஃப்' என்றால் முகர்தல். பாலைவனத்தில் வழி தவறியதோ என்று ஐயம் எழுந்தால், வழிகாட்டி ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பானாம். ஒட்டகச் சாணத்தின் வாடை இருந்தால் பாதை சரி, இல்லையேல் தவறு. முகர்ந்து அறியப்படுவது எதுவோ அதுவே மஸாஃபா. தூரம் என்பது எண்ணாவதற்கு முன் மண்ணின் வாசனையாக இருந்திருக்கிறது!

அது எண்ணான வரலாறும் அரபு நூல்களில்தான் எனக்குக் கிடைத்தது. கலீஃபா மஃமூனின் ஆட்சிக்காலம் (813 - 833) அது. அறிஞர்கள் ஸின்ஜார் சமவெளியில் நின்று, துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை வடக்கிலும் தெற்கிலும் கயிறு பிடித்து அளந்துகொண்டே நடந்தார்கள். பூமியின் வட்டத்தில் ஒரு பாகைக்கு 56 2/3 அரபு மைல் என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்னர் வந்த அபூ ரைஹான் அல்பீரூனி 1025-இல் கஸ்னாவில் ஒரு நூலை முடித்தார். இடங்களின் எல்லைகளை வரையறுத்து, ஊர்களுக்கிடையேயுள்ள தூரங்களைத் திருத்துதல் என்பது அந்நூற்பெயரின் பொருள். கஸ்னாவின் கிப்லாத் திசையைச் சரியாகக் காண வேண்டும் என்பதே நோக்கம். அதற்குப் பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையே எத்தனை பாகை என்று தெரிய வேண்டும். வணிகக் கூட்டங்கள் நடந்த வழித் தூரங்களை ஊருக்கு ஊர் எடுத்துக்கொண்டார். சாலையின் வளைவு நெளிவுகளுக்காக ஒரு பங்கைக் கழித்தார். பூமி உருண்டை என்பதைக் கணக்கில் வைத்துக் கூட்டினார். இன்றைய அளவோடு ஒப்பிட்டால், வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவே. ஒட்டகத்தின் காலடியிலிருந்து கோளத்தின் கணக்கைப் பிழிந்தெடுத்த இந்த மனிதரை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இன்று கைப்பேசி காட்டும் 2,920 கிலோமீட்டரும் அதே வகைக் கணக்குத்தான். இதை மாணவர்களுக்கு விளக்க நான் கையாளும் கருவி ஒரு பூகோள உருண்டையும் ஒரு முழம் பட்டு நூலும். ஆரணி வட்டாரத்தில் பட்டு நூலுக்குப் பஞ்சமில்லை. நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறு முனையைச் ஷார்ஜாவிலும் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானே குறுகிய வழியைக் கண்டுகொள்ளும். அதுவே பெருவட்டம் எனப்படும் பாதை. தட்டையான வரைபடத்தில் அதுவே சற்று வடக்கு நோக்கி வளைந்து தோன்றும். திருச்சியிலிருந்து பிடித்தாலும் நூலின் நீளம் ஏறத்தாழ அதேதான். பத்துக் கிலோமீட்டர் வேற்றுமைகூடத் தேறாது. திருச்சி மேற்கே தள்ளியிருப்பதால் கிடைக்கும் ஆதாயத்தை, தெற்கே தள்ளியிருப்பது தின்றுவிடுகிறது. இதைக் கேட்டு மாணவர்கள் நம்ப மறுத்து, நூலை வாங்கித் தாமே அளந்து பார்ப்பார்கள். நானும் அதைத்தான் விரும்புகிறேன்.

சென்னைக்கும் ஷார்ஜாவுக்கும் இடையே பெருவட்டத்தில் 26¼ பாகைக்குச் சற்று மேல். விமானமோட்டிகள் ஒரு பாகையை 60 பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் கடல் மைல் என்கிறார்கள், 1,852 மீட்டர். அவர்கள் கணக்கில் இது ஏறத்தாழ 1,580 கடல் மைல். மஃமூனின் அறிஞர்கள் கணக்கில் ஏறத்தாழ 1,490 அரபு மைல். மூன்று மைல் ஒரு ஃபர்ஸக்; எட்டு ஃபர்ஸக் ஒரு மர்ஹலா, அதாவது சுமை ஏற்றிய ஒட்டகத்தின் ஒரு நாள் நடை. வகுத்துப் பார்த்தேன். 62 மர்ஹலா வந்தது. கடல் முழுவதும் நிலமாகி, பாதையும் நூல் பிடித்தாற்போல் அமைந்துவிட்டால், ஓய்வே இன்றி 62 நாள்! அதையே நான்கு மணி நேரம் என்று பயணச்சீட்டு சொல்கிறது.

மர்ஹலாவைப் பற்றி வேலூரில் ஓதிய காலத்திலேயே எங்களுக்குள் வாதம் நடக்கும். எவ்வளவு தூரம் போனால் ஒருவன் முஸாஃபிர் ஆகிறான், எப்போது தொழுகையைச் சுருக்கலாம் என்பது மஸ்அலா. எங்கள் வட்டாரத்தில் மிகுதியாக உள்ள ஹனஃபி மத்ஹபில் அளவு நேரத்தால் தொடங்குகிறது: நடுத்தரமான நடையில் மூன்று நாள் வழி. ஷாஃபி மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 48 மைல். ஒன்று காலத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றது மண்ணைப் பிடித்துக்கொண்டது. அப்படியாயின், மூன்று நாள் வழியை ஒருவன் ஒரு மணியில் கடந்துவிட்டால்? விமானம் வந்த பின் எழுந்த கேள்வி என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். 1277-இல் மறைந்த இமாம் நவவி தம் 'மின்ஹாஜ்' நூலில், கடல் வழியும் நிலத்தைப் போன்றதே என்றும், நல்ல காற்றில் கப்பல் அத்தூரத்தைச் சிறு பொழுதில் கடந்தாலும் அவன் பயணியே என்றும் முடிவு கூறியிருக்கிறார். ஹனஃபி சட்ட வல்லுநர்களும் வழியின் அளவைத்தான் பார்த்தார்கள். விரைந்து சென்றவனுக்குப் பயணியின் சலுகையை மறுக்கவில்லை. விரைவு தூரத்தை அழித்துவிடாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டார்கள். உலகம் சுருங்கிவிட்டது என்று மேடைதோறும் முழங்கும் நண்பர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவது வழக்கம். உலகம் சுருங்கவில்லை. ஸின்ஜாரில் அளந்த பாகை இன்றும் அதே பாகைதான்.

இனி அந்த நான்கு மணி நேரத்தையும் சற்று உரைத்துப் பார்ப்போம். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் விரையும் விமானத்துக்கு 2,920 கிலோமீட்டர் கடக்க மூன்றரை மணியே மிகுதி. மிஞ்சும் நேரம் எங்கே போகிறது? ஓடுபாதை வரை உருண்டு போவதில், முறைக்காகக் காத்து நிற்பதில், மேலே ஏறுவதில், கீழே இறங்குவதில், வானில் வகுக்கப்பட்ட வழிகளைப் பின்பற்றிச் சற்றுச் சுற்றிப் போவதில். சக்கரத் தடையை எடுத்தது முதல் மறு முனையில் மீண்டும் இடுவது வரை உள்ள நேரத்தையே நிறுவனங்கள் அச்சிடுகின்றன. போகும்போது ஆகும் நேரத்தைவிட வரும்போது கால் மணி, அரை மணி குறைவதும் உண்டு. உயரத்தில் வீசும் மேல்காற்று முதுகில் தள்ளுவதே காரணம்.

கடிகாரம் செய்யும் கண்கட்டு வேறு. காலை 10 மணிக்குச் சென்னையில் ஏறினால் பகல் 12.45-க்கு ஷார்ஜாவில் இறங்கலாம் என்று சீட்டு காட்டும். இரண்டே முக்கால் மணி என்று மகிழ்வார்கள். திரும்பும்போது அங்கே பிற்பகல் 2 மணிக்கு ஏறினால் இங்கே இரவு 7.30. ஐந்தரை மணியாகிறது! போன வழியிலேயே திரும்பி வர இருமடங்கு நேரமா என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர்கள் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி பின்னே ஓடுகிறது. சூரியனைக் கேட்டால் இன்னும் நுட்பமாகச் சொல்லும்: பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சென்னைக்கும் ஷார்ஜாவுக்கும் ஏறத்தாழ 98 நிமிடம். நோன்பு வைத்துக்கொண்டு மேற்கே பறக்கிறவனுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தின் நீளம் தெரியும்.

ஷார்ஜா விமான நிலையத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. இப்போதுள்ள நிலையம் 1977-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த இறங்குதளம் 1932-இல் அமைந்தது; இலண்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் பிரிட்டிஷ் விமானங்கள் இறங்கித் தங்கிச் செல்வதற்காக ஏற்பட்டது. பயணிகள் இரவில் உறங்கக் கோட்டை போன்ற ஒரு விடுதியும் கட்டினார்கள். அதற்கு 'அல்மஹத்தா' என்று பெயர். இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 'ஹத்த' என்றால் இறக்கி வைத்தான். ஒட்டகத்தின் சுமையை இறக்கும் இடமே மஹத்தா. விமானமும் ஒரு காலத்தில் மர்ஹலா மர்ஹலாவாக, சுமை இறக்கி இளைப்பாறித்தான் போயிருக்கிறது. மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களும் 1995 வரை ஓடின. பன்னிரண்டு முதல் பதினைந்து நாள் வரை எடுத்துக்கொண்ட பயணம் அது. அப்பயணம் போன பெரியவர்கள் எங்களூரில் இருந்தார்கள். திரும்பி வந்தபின், மக்காவைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கப்பலைப் பற்றியும் பேசினார்கள். விமானத்தில் போய் வந்தவர் எவரும் விமானத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை பேசினார்கள். 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை மாலை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பேருடன் 5.40 மணியளவில் கிளம்பிய விமானத்தில், ஏறிய சிறிது நேரத்திலேயே ஹைட்ராலிக் அமைப்பு பழுதாகிவிட்டது. திரும்பி இறங்க வேண்டும். ஆனால் தொலைதூரத்துக்கு நிரப்பிய எரிபொருளின் பாரத்தோடு இறங்குவது ஆபத்து. அவ்வகை விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டிவிட வழியில்லை. எரித்தே தீர்க்க வேண்டும். ஆகவே திருச்சி வட்டாரத்தின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. மஃக்ரிப் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, தெருவில் அனைவர் கையிலும் கைப்பேசி. திரையில் ஒரு சிறு விமானம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய தெரு அது. 8.15 மணியளவில் நலமாக இறங்கியது என்ற செய்தி வரும் வரை எவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இரண்டரை மணி நேரம் பறந்தார்கள். நேரே போயிருந்தால் அரபிக் கடலில் பாதி வழிக்கு மேல் கடந்திருப்பார்கள். சேர்ந்த இடமோ புறப்பட்ட இடம். மறுநாள் மத்ரஸாவில் ஒரு மாணவன், "அவங்க முஸாஃபிரா ஹஜ்ரத்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. திருச்சிக்காரர் தம் ஊருக்குள் திரும்பியதும் உள்ளூராரே. கலசப்பாக்கம் போன்ற தொலைவிலிருந்து போய் ஏறியவர் அப்போதும் பயணிதான் என்றேன். அந்த விமானத்துக்குள் ஒரே இருக்கை வரிசையில் இருவகையினரும் இருந்திருக்கக்கூடும்.

இவ்வளவு கணக்கும் விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. எங்களூரிலிருந்து சென்னை விமான நிலையம் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. மர்ஹலாக் கணக்கில் நாலு மர்ஹலாவுக்குச் சற்று முன்பின். கார் வைத்துக்கொண்டு போனாலும் நான்கு மணி நேரம். 62 மர்ஹலாவும் நான்கு மணி. நாலு மர்ஹலாவும் நான்கு மணி! இதனோடு, மூன்று மணி முன்னதாகப் போய் வரிசையில் நிற்பதையும், இறங்கிய பின் முத்திரை குத்திப் பெட்டி வாங்குவதையும் கூட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் இந்தக் கூட்டல் கணக்கை என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே ஒரு தருணத்தில்தான். வீட்டில் மௌத்து ஆனால் கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். தறியிலேயே வயது கழித்த முதியவர் ஒருவர் அதிகாலை ஐந்து மணியளவில் காலமானார். ஒரே மகன் ஷார்ஜாவில். ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் போனேன். திண்ணையில் கூடியிருந்தவர்கள் இரு கட்சியாக இருந்தார்கள். "நாலு மணி நேரம்தானே, காத்திருப்போம், குளிர்பெட்டி சொல்லிவிடலாம்" என்றார்கள் சிலர். தாமதிக்கலாகாது என்றார்கள் பெரியவர்கள். நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்புறத்தில் எழுதினேன். இங்கே ஐந்து என்றால் அங்கே மூன்றரை, முதலாளி எழுந்து விடுப்புக் கொடுக்கக் காலை ஒன்பதாகும், கடவுச்சீட்டு அலுவலகத்தில் இருக்கிறது, இருக்கை கிடைத்தால் இரவு விமானம், சென்னையில் விடியல், வெளியே வர ஒரு மணி, காரில் நான்கு. மறுநாள் காலை பத்துக்கு முன் வர வழியில்லை. 29 மணி நேரம். அதில் பறப்பது நான்கு.

உறவினருக்காகச் சிறிது நேரம் காத்திருப்பதை நூல்கள் அடியோடு தடுக்கவில்லை. ஆயினும் விரைந்து அடக்குவதையே வற்புறுத்துகின்றன. இரண்டையும் கூறி, எண்ணையும் சொல்லி, முடிவை வீட்டாரிடம் விட்டேன். உள்ளேயிருந்து அந்த அம்மையார், "என் புள்ள எப்ப வருவான்னு மட்டும் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். நாளைக் காலை பத்து மணி என்றேன். அந்த நேரம் பார்த்து மகனே கைப்பேசியில் வந்தான். குரல் பக்கத்து அறையில் இருப்பவன் குரல்போல் தெளிவாக இருந்தது. கூப்பிடு தூரம் இன்று 62 மர்ஹலாவுக்கு நீண்டுவிட்டது; குரலுக்கு மட்டும். சந்தூக்கைத் தாங்க வேண்டிய தோளுக்கு அதே 29 மணி நேரம்தான்.

"அத்தாவக் காக்க வைக்காதீங்க ஹஜ்ரத். வெயில் காலம்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அஸருக்குப் பின் அடக்கம் செய்தோம்.

மறுநாள் பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தான். வீட்டுக்குள் போய்த் தாயைப் பார்த்துவிட்டு, கையில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் மையவாடிக்கு வந்தான். நானும் உடன் போனேன். ஈரம் காயாத மண். துஆ ஓதி முடித்த பின், எத்தனை மணிக்கு மண் தள்ளினீர்கள் என்று கேட்டான். ஐந்தரை என்றேன். விரலை மடக்கி ஒன்றரையைக் கழித்தான்.

"அங்க நாலு. பாஸ்போர்ட்டுக்காக ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டிருந்தேன்" என்றான்.